நிஹிலிசத்தை நாவல்கள் வழியாகப் படிக்க ஒரு பாதை: முதல்முறை வாசகருக்கு

நிஹிலிசம் என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள விரும்பும் இளைஞர்கள் பலரும் நேராக ஜெர்மானியத் தத்துவவாதி நீட்ஷேயிடம் போய் நிற்கிறார்கள். நானும் அப்படித்தான் போனேன். கல்லூரி இரண்டாம் ஆண்டில் அவருடைய 'ஜரதுஷ்டிரா' நூலைக் கையில் எடுத்தேன். நாற்பது பக்கம் தாண்டியும் யார் யாரிடம் எதற்காகப் பேசுகிறார்கள் என்றே பிடிபடவில்லை. மூடி வைத்ததை மறுபடி திறக்க மூன்று வருடம் ஆனது. இடையில் ரஷ்ய எழுத்தாளர் துர்கனேவின் ஒரு நாவல் கைக்குக் கிடைத்தது. அதில் ஓர் இளம் மருத்துவன் காலையில் குட்டைக்குப் போய்த் தவளை பிடிக்கிறான். எதற்கு என்று கேட்கிற கிராமத்துச் சிறுவர்களிடம், இதை அறுத்து உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்பேன், நீயும் நானும் காலில் நடக்கிற தவளைகள்தானே, நமக்குள் நடப்பதும் தெரிந்துவிடும் என்கிறான். எனக்கு அங்கேதான் வழி திறந்தது.

அதனால் இந்தக் கட்டுரை தத்துவத்திலிருந்து கதைக்குப் போகாமல் கதையிலிருந்து தத்துவத்துக்குப் போகிறது. 'எதற்கும் அர்த்தமில்லை' என்ற நிஹிலிச வாக்கியத்தோடு மேஜையில் உட்கார்ந்து வாதாடினால் ஜெயிக்கவும் முடியாது, தோற்கவும் முடியாது. நாவலாசிரியர்கள் வேறு வேலை செய்தார்கள். அந்த வாக்கியத்தை முழுசாக நம்பும் ஒரு மனிதனை உருவாக்கி, அவனைக் காதலில் விழவைத்தார்கள், காய்ச்சலில் படுக்கவைத்தார்கள், அவன் முன்னால் ஒரு குழந்தையை விட்டார்கள். பிறகு என்ன ஆகிறது என்று நேர்மையாக எழுதினார்கள். எனவே இந்தப் பாதை முழுக்க உங்களுக்குத் தேவையான பழக்கம் ஒன்றுதான்: பாத்திரத்தின் வாய் என்ன சொல்கிறது என்று ஒரு பக்கமும், கை என்ன செய்கிறது என்று இன்னொரு பக்கமும் குறித்துக்கொண்டே வாருங்கள். ஒரு நோட்டில் நடுவே கோடு போட்டுக்கொண்டால் போதும்.

முதலில் சொல்லைச் சரிசெய்துகொள்ளுங்கள்

'நிஹில்' என்பது லத்தீனில் 'ஒன்றுமில்லை'. ஜெர்மானியச் சிந்தனையாளர் யாக்கோபி 1799-இல் தத்துவவாதி ஃபிக்டேவுக்கு எழுதிய கடிதத்தில் நிஹிலிசம் என்ற சொல்லை ஒரு குற்றச்சாட்டாகப் பயன்படுத்தினார். தூய அறிவை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் கடைசியில் கையில் ஒன்றும் மிஞ்சாது என்பது அவர் பயம். அன்றிலிருந்து இது பெரும்பாலும் அடுத்தவர்மேல் ஒட்டப்படும் பெயராகவே இருந்திருக்கிறது. தானே விரும்பிச் சூட்டிக்கொண்டவர்கள் குறைவு. ஒரு புத்தகம் யாரையாவது நிஹிலிஸ்ட் என்று அழைத்தால், அழைப்பவர் யார், அவருக்கு அதில் என்ன கோபம் என்று முதலில் கேளுங்கள்.

தமிழில் இதற்குச் சூன்யவாதம், இன்மைவாதம், மறுப்புவாதம் என்று பல பெயர்கள் புழங்குகின்றன. சூன்யவாதம் என்ற சொல்லை மட்டும் நான் தவிர்க்கிறேன். பௌத்தத் தத்துவவாதி நாகார்ஜுனரின் சூன்யதை 'எதுவும் இல்லை' என்று சொல்லவில்லை. எந்தப் பொருளும் பிறவற்றைச் சாராமல் தனித்து நிற்பதில்லை என்கிறது. தன்னை இப்படித் தவறாகப் படிப்பார்கள் என்று அவருக்கே தெரிந்திருந்தது. தவறாகப் பிடித்த பாம்பு பிடித்தவனைக் கொல்வதுபோல, தவறாகப் புரிந்துகொண்ட சூன்யதையும் அழிக்கும் என்று மூலமத்யமககாரிகையில் எச்சரித்திருக்கிறார். நீட்ஷேகூடப் பௌத்தத்தைக் களைத்துப்போன நிஹிலிசம் என்றுதான் எழுதினார். அந்தக் குழப்பத்தை ஐரோப்பாவிலிருந்து நாம் இறக்குமதி செய்துகொள்ள வேண்டியதில்லை. 'நிஹிலிசம்' என்றே எழுதுவோம்.

அடுத்து, நாத்திகத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். நம் ஊரில் இந்தக் குழப்பம் அடிக்கடி வரும். 1925-இல் பெரியார் தொடங்கிய சுயமரியாதை இயக்கம் கடவுளை மறுத்தது. ஆனால் சுயமரியாதையும் சமத்துவமும் அதற்கு உயிரான மதிப்புகள். நிஹிலிஸ்ட் அந்த மதிப்புகளையும் பார்த்து 'இதற்கு என்ன ஆதாரம்?' என்று கேட்பான். அவநம்பிக்கையும் வேறு. வாழ்க்கை மோசமானது என்று சொல்பவரிடம் நல்லது கெட்டதை அளக்க ஒரு அளவுகோல் இன்னும் இருக்கிறது. நிஹிலிஸ்ட் அந்த அளவுகோலையே மறுக்கிறான்.

மறுப்பிலும் வகைகள் உண்டு. வாழ்வுக்குப் பொருள் இல்லை என்பது ஒன்று, அறத்துக்கு அடிப்படை இல்லை என்பது ஒன்று, எதையும் அறியவே முடியாது என்பது ஒன்று. கடைசியானது கிரேக்கத்து கார்கியாஸ் காலத்திலேயே உண்டு. எதுவும் இல்லை, இருந்தாலும் அறிய முடியாது, அறிந்தாலும் இன்னொருவருக்குச் சொல்ல முடியாது என்றார் அவர். நான்காவதாக, இருக்கிற சமூக அமைப்பை இடித்துத் தரைமட்டமாக்க வேண்டும் என்ற ரஷ்ய அரசியல் வகை. ஒரு பாத்திரம் இவற்றில் எதை மறுக்கிறது என்று பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் குறியுங்கள். பெரும்பாலும் ஒன்றை மறுப்பவன் இன்னொன்றை இறுகப் பிடித்திருப்பான்.

பெயர்த்தாள் ஒன்று தயார் செய்யுங்கள்

ரஷ்ய நாவல்களில் பாதிப் பேர் இடறுவது பெயர்களில்தான், தத்துவம் அதற்கு அப்புறம்தான் வருகிறது. நம் தவளை மருத்துவன் யெவ்கேனி வாஸிலியெவிச் பஸாரோவ் என்றால், முதலாவது அவன் பெயர், நடுவில் இருப்பது அப்பா வாஸிலியின் பெயர், மூன்றாவது குடும்பப் பெயர். நம்மிடம் இனிஷியலாகச் சுருங்கிவிட்ட அப்பா பெயர் அங்கே முழுசாக நடுவில் நிற்கிறது, அவ்வளவுதான். மரியாதையாகப் பேசும்போது முதல் இரண்டையும் சேர்த்து அழைப்பார்கள். பெற்ற தாய் 'யென்யூஷா' என்று கொஞ்சுவாள். ஒரே ஆளுக்கு மூன்று நான்கு பெயர் வரும். புதுப் பெயர் வரும்போதெல்லாம் ஒரு தாளில் எழுதி, புத்தகத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

பஸாரோவிடம் தொடங்குங்கள்

துர்கனேவின் அந்த நாவல் 1862-இல் 'ரஷ்யத் தூதன்' என்ற இதழில் வந்தது. மூலத் தலைப்பு 'தந்தையரும் பிள்ளைகளும்'. ஆங்கிலத்தில் 'மகன்கள்' என்று ஆகிவிட்டது. கதை 1859 மே மாதம் தொடங்குகிறது. பண்ணையடிமை முறை ஒழிக்கப்பட்டது 1861-இல். கதைமாந்தருக்குத் தெரியாத அந்த மாற்றம் முதல் வாசகர்களுக்குத் தெரியும். பழைய ஜமீன் வீடும், பணம் செலுத்தாத குடியானவர்களும், புதுசாக முளைத்த டாக்டர் மகனும் ஒரே முற்றத்தில் நிற்கும் காலம் அது.

28 அத்தியாயம்தான். ஒரு வாரத்தில் முடிக்கலாம். ஆனால் ஐந்து இடங்களில் நின்று நிதானமாகப் படியுங்கள்.

ஐந்தாம் அத்தியாயம். உன் நண்பன் யார் என்று கேட்கும் பெரியப்பா பாவெலிடம், பஸாரோவைத் தன் வீட்டுக்கு அழைத்து வந்த அர்க்காதி பெருமையாகச் சொல்கிறான்: நிஹிலிஸ்ட். எந்த அதிகாரத்துக்கும் தலை வணங்காதவன், எவ்வளவு மதிப்புக்குரிய கொள்கையாக இருந்தாலும் நம்பிக்கையின் பேரில் ஏற்காதவன். இந்த வரையறையை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். இதில் எங்குமே 'வாழ்க்கைக்கு அர்த்தமில்லை' என்று வரவில்லை என்பதைக் கவனியுங்கள். இது ஒரு விஞ்ஞான மாணவனின் சந்தேகம். நல்ல வேதியியலாளன் ஒருவன் எந்தக் கவிஞனையும்விட இருபது மடங்கு பயனுள்ளவன், இயற்கை கோவில் அல்ல பட்டறை என்று பஸாரோவ் சொல்வதும் அதே மனதிலிருந்துதான்.

பத்தாம் அத்தியாயம் தேநீர் மேஜைச் சண்டை. எல்லாவற்றையும் மறுக்கிறீர்களா? எல்லாவற்றையும். கலையை மட்டுமா, இன்னும்... சொல்லவே பயமாக இருக்கிறது. எல்லாவற்றையும். சரி, இடித்தால் கட்டவும் வேண்டுமே? அது எங்கள் வேலை இல்லை, முதலில் இடத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். உரையாடலின் சாரம் இவ்வளவுதான். ஆனால் துர்கனேவ் யார் பக்கமும் சாயாமல் எழுதியிருக்கிறார். பாவெலின் வாசனைத் திரவியம் பூசிய மீசையும் பரிதாபமாக இருக்கிறது, பஸாரோவின் கொட்டாவியும் கொஞ்சம் நடிப்பாக இருக்கிறது. முதல் வாசிப்பில் நான் முழுக்கப் பஸாரோவ் பக்கம். இப்போது படித்தால் அந்த மேஜையில் உட்கார்ந்திருக்கிற யாருக்கும் மற்றவர் சொல்வது காதில் விழவில்லை என்பதுதான் தெரிகிறது.

இருபத்தொன்றாம் அத்தியாயம் என் கணக்கில் நாவலின் இதயம். வைக்கோல் போரின் நிழலில் நண்பர்கள் இருவரும் படுத்திருக்கிறார்கள். அண்டவெளியோடு ஒப்பிட்டால் நான் படுத்திருக்கும் இந்த இடம் எவ்வளவு சிறியது, எனக்குக் கிடைத்த காலம் எவ்வளவு அற்பம் என்கிறான் பஸாரோவ். ஆனாலும் இந்தச் சின்னப் புள்ளிக்குள் ரத்தம் ஓடுகிறது, மூளை வேலை செய்கிறது, என்னவோ வேண்டும் என்கிறது. பின்னால் ஒருநாள் குடியானவன் வெள்ளையடித்த நல்ல குடிசையில் வாழ்வான், என் உடம்பிலிருந்து காட்டுச்செடி முளைக்கும், அப்புறம் என்ன? இதற்கு முன் அவன் மறுத்ததெல்லாம் வெளியே இருந்தவை. இங்கேதான் மறுப்பு அவனையே திரும்பிப் பார்க்கிறது. சமூகத்தைச் சரிசெய்யக் கிளம்பிய ரஷ்ய நிஹிலிசம், நாம் இன்று அந்தச் சொல்லால் குறிக்கும் நிஹிலிசமாக மாறுவதை நேரில் பார்க்க வேண்டுமானால் இந்த வைக்கோல் போருக்கு வாருங்கள். காரணமும் கதையிலேயே இருக்கிறது. சற்று முன்புதான் அவன் ஒதின்ஸோவா என்ற இளம் விதவையிடம் காதலைச் சொல்லி, அது கைகூடாமல் வந்திருக்கிறான். காதல் என்பது வெறும் உடலியல் என்று வாய் சொன்னது நோட்டின் இடது பக்கத்தில் இருக்கும். வலது பக்கத்தைப் பாருங்கள்.

இருபத்திநான்கில் பாவெலுக்கும் பஸாரோவுக்கும் துவந்த யுத்தம். பாவெலின் தொடையில் குண்டு பாய்கிறது. சுட்டவனே அடுத்த நொடி துப்பாக்கியைப் போட்டுவிட்டு மருத்துவனாகி ஓடிப்போய்க் கட்டுப் போடுகிறான்.

இருபத்தேழு. டைஃபஸ் வந்து இறந்த குடியானவன் ஒருவனின் உடலை அறுக்கும்போது பஸாரோவின் விரலில் கத்தி பட்டுவிடுகிறது. காயத்தைச் சுட்டுக் கருக்க வேண்டிய மருந்து அங்கிருந்த மருத்துவரிடம் இல்லை. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்கும்போது நான்கு மணி நேரம் கடந்துவிட்டது. தன் சாவு எந்த நாளில் எப்படி வரும் என்று ஒரு மருத்துவனாகவே அவன் எண்ணிக்கொண்டிருக்கிறான். ரஷ்யாவுக்கு நான் தேவை... இல்லை, தேவையில்லை போலிருக்கிறது, செருப்புத் தைப்பவன் தேவை, தையல்காரன் தேவை என்று பிதற்றுகிறான். ஒதின்ஸோவா வந்து நெற்றியில் முத்தமிடுகிறாள். அணையப்போகிற விளக்கை ஊதிவிடு என்று அவன் கேட்டதற்காக. எதையும் நம்பாதவன் கடைசியில் கேட்டது அது. இந்த இடத்தை அவனுடைய தோல்வி என்று படிப்பவர்கள் உண்டு. நான் அப்படிப் படிக்கவில்லை. மதச் சடங்குக்கு அவன் சுயநினைவோடு சம்மதிக்கவே இல்லை, பெற்றோர் மனம் நோகாமல் தள்ளித்தான் போட்டான். கடைசிவரை பொய் சொல்லவில்லை. அதே சமயம் அவன் வரையறைக்குள் அடங்காத ஒரு மனிதன் அவனுக்குள் இருந்தான்.

இந்த நாவல் வெளியில் கிளப்பிய சத்தத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 1862 மே மாதம் பீட்டர்ஸ்பர்க்கில் பெரும் தீ, அப்ராக்ஸின் சந்தை எரிந்தது. அப்போது ஊருக்கு வந்த துர்கனேவைப் பார்த்து ஒரு தெரிந்தவர், 'உங்கள் நிஹிலிஸ்டுகள் என்ன செய்கிறார்கள் பாருங்கள், பீட்டர்ஸ்பர்க்கைக் கொளுத்துகிறார்கள்' என்றாராம். துர்கனேவே பின்னாளில் இதை எழுதியிருக்கிறார். இளைஞர் தரப்பில் விமர்சகர் அந்தனோவிச் நாவலைத் தன் தலைமுறைமேல் வீசிய அவதூறு என்று கிழித்தார். இன்னொரு விமர்சகர் பீஸரெவ் பஸாரோவைத் தன் ஆளாகவே ஏற்றுக்கொண்டார். ஒரே பாத்திரத்தைப் பற்றி ஒரே அணிக்குள் இரண்டு எதிரெதிர் தீர்ப்புகள்.

பெண்கள் பக்கத்தை விட்டுவிடாதீர்கள்

பல அறிமுகங்கள் இங்கிருந்து நேராகத் தஸ்தயேவ்ஸ்கிக்குத் தாவிவிடும். அதனால் அந்தத் தலைமுறையின் நல்ல பாதி தெரியாமலே போகிறது. செர்னிஷேவ்ஸ்கி பீட்டர்-பால் கோட்டைச் சிறையில் இருந்தபடி எழுதிய 'என்ன செய்ய வேண்டும்?' 1863-இல் வந்தது. கலையாக அது பெரிய நாவல் இல்லை, முழுக்கப் படிக்கச் சொல்லி உங்களை வற்புறுத்த மாட்டேன். ஆனால் அதில் வேரா பாவ்லோவ்னா பெற்றோர் பிடியிலிருந்து தப்ப ஒரு பெயரளவுத் திருமணம் செய்துகொள்கிறாள், பிறகு தையல் கூட்டுறவு ஒன்றை நடத்துகிறாள். படித்த பெண்கள் அதை நிஜத்திலும் செய்தார்கள். கணித மேதை சோஃபியா கவலேவ்ஸ்கயா 1868-இல் அப்படி ஒரு பெயரளவுத் திருமணம் செய்துகொண்டுதான் வெளிநாட்டில் படிக்கப் போனார், 1874-இல் கோட்டிங்கனில் முனைவர் பட்டம் பெற்றார். 'நிஹிலிஸ்ட் பெண்' என்று ஒரு குறுநாவலும் எழுதினார். நதேஷ்தா சுஸ்லோவா 1867-இல் ஜூரிச்சில் மருத்துவரானார். கூந்தலை வெட்டிக்கொண்டு நீலக் கண்ணாடி போட்டிருந்த இந்தப் பெண்களை ஊர் நிஹிலிஸ்ட் என்றுதான் அழைத்தது. அவர்களுக்கு அந்தச் சொல்லின் பொருள் படிப்பு, சொந்தச் சம்பாத்தியம், தன் வாழ்வைத் தானே தீர்மானிப்பது.

நிலவறைக்கு இறங்குங்கள்

செர்னிஷேவ்ஸ்கிக்குப் பதிலாகவே தஸ்தயேவ்ஸ்கி 1864-இல் ஒரு குறுநாவல் எழுதினார். எம்.ஏ. சுசீலாவின் மொழிபெயர்ப்பில் 'நிலவறைக் குறிப்புகள்' என்று தமிழில் கிடைக்கிறது. இதற்கு ஒரு நடைமுறை யோசனை: இரண்டாம் பகுதியை முதலில் படியுங்கள். முதல் பகுதி நாற்பது வயதுக்காரன் ஒருவனின் தனிப் புலம்பல். இரண்டும் இரண்டும் நான்கு என்பதுகூட ஓர் அவமானம், எனக்கு நல்லது எது என்று கணக்குப் போட்டுக் காட்டினால் வேண்டுமென்றே எனக்குக் கெட்டதைச் செய்வேன் என்பான். இவன் யார் என்று தெரியாமல் படித்தால் தலை சுற்றும். இரண்டாம் பகுதியில் அவனுக்கு இருபத்துநான்கு வயது. லிஸா என்ற பாலியல் தொழில் செய்யும் பெண்ணிடம் உருக்கமாகப் பேசி, முகவரி கொடுத்து, அவள் நம்பி வந்ததும் அவமானப்படுத்துகிறான். அவளோ இவன் துயரத்தைப் பார்த்துவிட்டு அணைத்துக்கொள்கிறாள். அந்த அன்பைத் தாங்க முடியாமல் அவள் கையில் ஐந்து ரூபிள் தாளைத் திணிக்கிறான். அவள் போன பிறகு பார்த்தால் தாள் கசங்கி மேஜைமேல் கிடக்கிறது.

அந்த ஐந்து ரூபிளைப் பார்த்த பிறகு முதல் பகுதிக்குத் திரும்புங்கள். தத்துவமாகத் தெரிந்தது முழுக்க ஒரு காயத்தின்மேல் கட்டிய கட்டு என்று புரியும். நீட்ஷே 1887 தொடக்கத்தில் நீஸ் நகரில் இதன் பிரெஞ்சு வடிவத்தைப் படித்துவிட்டு மிகவும் கிளர்ந்துபோனார்.

இப்போது நீட்ஷே, ஒரே ஒரு பக்கம்

'மகிழ்ச்சியான அறிவியல்' 1882-இல் வந்தது. அதில் 125-ஆம் பத்தி மட்டும் போதும். பளிச்சென்ற காலை வெளிச்சத்தில் ஒருவன் லாந்தரை ஏற்றிக்கொண்டு சந்தைக்கு ஓடிவந்து கடவுளைத் தேடுகிறேன் என்று கத்துகிறான். கூடியிருப்பவர்கள் சிரிக்கிறார்கள். தொலைந்துபோய்விட்டாரா, கப்பலேறிவிட்டாரா? அவன் சொல்கிறான்: நாம்தான் அவரைக் கொன்றோம், நீங்களும் நானும். கடலை எப்படிக் குடித்து முடித்தோம்? தொடுவானத்தையே துடைத்தழிக்கப் பஞ்சு கொடுத்தது யார்?

பெரும்பாலானோர் தவறவிடும் ஒரு விவரம்: அந்தச் சந்தையில் சிரிப்பவர்கள் கடவுளை நம்பாதவர்கள். நீட்ஷே இங்கே பக்தர்களோடு சண்டை போடவில்லை. கடவுளை எடுத்துவிட்டாலும் பழைய அறம், பழைய உண்மை, பழைய நம்பிக்கை எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும் என்று நிம்மதியாக இருக்கிறவர்களைப் பார்த்துத்தான் அந்தப் பித்தன் பேசுகிறான். கேட்டவர்கள் விழிப்பதைப் பார்த்து லாந்தரைத் தரையில் போட்டு உடைக்கிறான், நான் சீக்கிரம் வந்துவிட்டேன் என்கிறான்.

1887 இலையுதிர்காலக் குறிப்பு ஒன்றில் நீட்ஷே தன் வரையறையைத் தருகிறார். மிக உயர்ந்த மதிப்புகள் தாமே மதிப்பிழந்து போவது, 'எதற்காக?' என்ற கேள்விக்கு விடை இல்லாமல் போவது. அதில் செயல்படுகிற நிஹிலிசம் ஒன்று, சோர்ந்து உட்கார்ந்துவிடும் நிஹிலிசம் ஒன்று என்று பிரிக்கிறார். தன் காலத்தை அவர் நோயறியும் மருத்துவராகப் பார்த்தார். இந்த நோயைப் பரப்பியவர் என்று அவரை நினைப்பது தவறு. 'அதிகாரத்துக்கான விருப்பம்' என்ற பெயரில் வந்த தொகுப்பு அவர் முடித்துத் தந்த நூல் இல்லை என்பதையும் மனதில் வையுங்கள். அவர் இறந்த பிறகு, தங்கை எலிசபெத்தின் மேற்பார்வையில் 1901-இல் குறிப்புகளிலிருந்து கோத்தது.

'பேய்கள்': நேரம் ஒதுக்கிப் படியுங்கள்

1869 நவம்பரில் மாஸ்கோவில் நெச்சாயெவ் என்பவனின் ரகசியக் குழு, தங்களோடு முரண்பட்ட இவானோவ் என்ற வேளாண் கழக மாணவனைக் கொன்று குளத்தில் போட்டது. இந்த வழக்கை வைத்துத் தஸ்தயேவ்ஸ்கி எழுதிய நாவல் 1871–72-இல் தொடராக வந்தது. அவரே இளமையில் ஒரு ரகசியக் குழுவில் இருந்து, 1849 டிசம்பர் 22-இல் சுடப்படுவதற்காக மைதானத்தில் நிறுத்தப்பட்டு, கடைசி நேரத்தில் தண்டனை மாற்றப்பட்டு, ஓம்ஸ்கில் நான்கு வருடம் கடுங்காவலில் கிடந்தவர். கோபத்தோடுதான் எழுதியிருக்கிறார், சில இடங்களில் எதிரிகளுக்கு நியாயம் செய்யவும் இல்லை. முதல் நூற்றைம்பது பக்கம் மெதுவாக நகரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே நிஹிலிசம் பல ஆட்களுக்குள் பிரிந்து இருக்கிறது. எல்லையற்ற சுதந்திரத்தில் தொடங்கி எல்லையற்ற கொடுங்கோன்மையில் முடிக்கிறேன் என்று தானே ஒப்புக்கொள்ளும் ஷிகல்யோவ் ஒருவன். எதிலும் ஈடுபாடில்லாத ஸ்தவ்ரோகின் ஒருவன். நான் அதிகம் நேசிப்பது கிரிலோவை. கடவுள் இல்லை என்றால் நானே கடவுள், அதை நிரூபிக்க என் உயிரை நானே எடுக்க வேண்டும் என்பது அவன் வாதம். இது வாய். கை என்ன செய்கிறது? ஸ்தவ்ரோகின் ஓர் இரவில் பார்க்க வரும்போது அவன் ஒரு கைக்குழந்தையைச் சிரிக்கவைக்கச் சிவப்புப் பந்தைத் தரையில் எறிந்து பிடித்துக்கொண்டிருக்கிறான். குழந்தைகள் பிடிக்குமா? பிடிக்கும். அப்படியானால் வாழ்க்கையும் பிடிக்குமா? பிடிக்கும். தினம் உடற்பயிற்சி செய்கிறான். இரவெல்லாம் தேநீர் குடிக்கிறான். அதே வீட்டில் குடியிருக்கும் ஷாதவின் பிரிந்துபோன மனைவி பிரசவ வலியோடு வந்து நிற்கும்போது ஷாதவ் ஓடுவது இந்தக் கிரிலோவிடம்தான், தேநீரையும் ரொட்டியையும் அவன்தான் கொடுத்தனுப்புகிறான். அவன் தர்க்கத்தைத் தஸ்தயேவ்ஸ்கி எங்கும் மறுத்து எழுதவில்லை. பந்தை எழுதினார்.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். மனம் ஏற்கெனவே சோர்ந்து, தூக்கமில்லாமல் இருக்கிற நாட்களில் இந்த நாவலை எடுக்காதீர்கள். தள்ளிப்போட்டால் ஒன்றும் குறையாது. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் உங்களுக்கே வருகிறதென்றால், அதைப் புத்தகத்தோடு தனியாக உட்கார்ந்து தீர்க்க முயலாதீர்கள். நெருங்கியவர் ஒருவரிடம் பேசுங்கள். இந்தியாவில் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.

செகாவின் மருத்துவர்

1892-இல் வந்த 'ஆறாவது வார்டு' ஒரு மாலையில் படித்துவிடக்கூடிய நீளம்தான். ராகின் என்ற சிற்றூர் மருத்துவருக்கு மருத்துவமனையின் அழுக்கும் திருட்டும் தெரியும். ஆனால் மரணம்தான் எல்லோருக்கும் முடிவு என்றால் எதற்கு மனிதர்களைச் சாகாமல் தடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, இரவில் வோட்காவும் ஊறுகாய் வெள்ளரியுமாகப் புத்தகம் படிக்கிறார். மனநோய் வார்டில் இருக்கும் க்ரோமவோடு பேசுவதில் அவருக்குச் சுகம். துன்பத்தை அலட்சியம் செய்யலாம் என்று உபதேசிக்கிறார். கதவில் விரல் நசுங்கினால் நீங்கள் தொண்டை கிழியக் கத்துவீர்கள் என்கிறான் க்ரோமவ். கடைசியில் அவரையே அதே வார்டில் அடைக்கிறார்கள். காவலாள் நிகிதா அடிக்கிறான். வாயில் ரத்தம் உப்புக்கரிக்கும்போது, இத்தனை வருடமாக இந்த மனிதர்கள் தினமும் இதே வலியை அனுபவித்தார்கள், தெரிந்துகொள்ள தான் விரும்பவே இல்லை என்பது அவருக்கு உறைக்கிறது. மறுநாள் இறந்துபோகிறார்.

எனக்கு இந்தக் கதைதான் எல்லாவற்றிலும் பயமூட்டியது. பஸாரோவும் கிரிலோவும் தம் கருத்துக்கு விலை கொடுத்தார்கள். ராகினின் 'எல்லாம் ஒன்றுதான்' என்பதற்கு இருபது வருடமாக விலை கொடுத்தவர்கள் அந்த வார்டில் இருந்தவர்கள். யாராவது 'எதற்கும் அர்த்தமில்லை' என்று நிதானமாகச் சொல்லும்போது அதன் செலவு யார் தலையில் விழுகிறது என்று பார்க்க நான் இங்கேதான் கற்றேன்.

காம்யூ, அப்புறம் திரும்பி வருவது

'அந்நியன்' 1942-இல் வந்தது. வெ. ஸ்ரீராம் பிரெஞ்சிலிருந்தே தமிழாக்கினார், க்ரியா வெளியிட்டது. சின்ன நாவல், எளிய வாக்கியங்கள், அதனாலேயே பலரும் இதில் தொடங்குகிறார்கள். நான் இதைக் கடைசியில் வைக்கிறேன், ஏனென்றால் ரஷ்யர்களைப் படித்துவிட்டு வந்தால் இதன் நாயகன் மெர்சோ எவ்வளவு வித்தியாசமானவன் என்று தெரியும். அவன் எந்தக் கொள்கையையும் அறிவிப்பதில்லை. உணராத துக்கத்தை உணர்ந்ததாகச் சொல்ல மறுக்கிறான். அவ்வளவுதான். நீதிமன்றம் அவன் ஓர் அரபுக்காரனைச் சுட்டுக் கொன்றதைவிட, தாயின் சவ அடக்கத்தில் அவன் அழாததையே பெரிதாக விசாரிக்கிறது. ஆனால் கொல்லப்பட்ட அரபுக்காரனுக்கு நாவலில் பெயரே இல்லை. அல்ஜீரிய எழுத்தாளர் கமெல் தாவூத் 2013-இல் அந்த இறந்தவனின் தம்பி பேசுவதாக ஒரு நாவல் எழுதி அவனுக்குப் பெயர் கொடுத்தார். இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்க முடிந்தால் படியுங்கள். ராகினின் வார்டைப் பார்த்துவிட்டு வருகிற வாசகருக்கு அந்தப் பெயரின்மை உடனே கண்ணில் படும்.

காம்யூவை நிஹிலிஸ்ட் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். நிஹிலிசத்தின் எல்லைக்குள் நின்றபடியே அதைத் தாண்டிப் போகும் வழியைத் தேடுவதுதான் தன் வேலை என்று அவரே எழுதியிருக்கிறார். 1949-இல் வந்த 'நீதிமான்கள்' நாடகத்தில் காலியாயெவ் என்ற ரஷ்யப் புரட்சிக்காரன் பிரபுவின் வண்டிமேல் குண்டெறியக் காத்திருக்கிறான், உள்ளே குழந்தைகள் இருப்பதைக் கண்டு கையைத் தாழ்த்திவிடுகிறான். 1905-இல் உண்மையில் நடந்த சம்பவம் அது. இரண்டு நாள் கழித்து அவனே அந்தப் பிரபுவைக் கொன்றான், தூக்கிலும் ஏறினான். 1959-இல் 'பேய்கள்' நாவலையும் காம்யூ மேடைக்கு ஏற்றினார். இந்தப் பாதை முழுக்க ஒரே உரையாடல்தான் என்பது இங்கே வரும்போது தெரிந்துவிடும். பெக்கெட்டின் 'கோடோ'வை அவசரமாகச் சேர்க்க வேண்டாம். 1953 ஜனவரியில் பாரிஸில் முதன்முதலாக மேடையேறிய அந்த நாடகத்தைப் படிப்பதைவிடப் பார்ப்பது நல்லது, வாய்ப்பு வரும்வரை காத்திருங்கள்.

எல்லாம் முடிந்த பிறகு துர்கனேவின் இருபத்தெட்டாம் அத்தியாயத்தை மறுபடி எடுங்கள். நான்கைந்து பக்கம்தான். கிராமத்து இடுகாடு. முதுமையில் தளர்ந்த கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் தாங்கிக்கொண்டு மகனின் கல்லறைக்கு வருகிறார்கள். மண்டியிட்டு அழுகிறார்கள், கல்லின்மேல் படிந்த தூசியைத் துடைக்கிறார்கள், அருகே உள்ள தேவதாரு மரத்தின் கிளையைச் சரிசெய்கிறார்கள். அந்தப் பிரார்த்தனைக்குப் பயன் உண்டா என்று துர்கனேவ் அங்கே கேட்கிறார். நோட்டில் அவர் சொல்லும் பதிலை இடது பக்கம் எழுதுங்கள். அந்தக் கிழவரும் கிழவியும் கைகளால் செய்வதை வலது பக்கம் எழுதுங்கள்.